மாமியார் பேரில் ஒரு பனியாறு

லுடோல்ஃப் பக்கெயூர்ட் தன் வாழ்நாளில் ஏறியது ஒரே ஒரு மலைதான். அதுவும் ஆசைப்பட்டு ஏறவில்லை. இசாக் உட்காரக் கூடாத இடத்தில் உட்கார்ந்ததால் ஏற வேண்டியதாகப் போயிற்று.

நார்வேயின் ட்ரோம்சோவிலிருந்து வடக்கே சீல் என்னும் கடல்நாய் வேட்டைக்குப் போகும் 'தைஸ்டன்' என்ற சின்னக் கப்பலில் அவன் சமையல்காரன். முப்பத்தாறு வயது, குட்டை உருவம், நீளமான நாக்கு. சீல் இறைச்சியை எதோடு எதைச் சேர்த்து வேகவைத்தால் மாட்டிறைச்சி என்று நம்பவைக்கலாம் என்பது அவனுக்கு அத்துப்படி. ஒரே குறை, உயரமென்றால் பயம். பாய்மரத்தில் ஏறச் சொன்னால் போதும், அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடும். "அடுப்பு எந்த உயரத்துல இருக்கோ, அந்த உயரந்தான் மனுஷனுக்கு நல்லது" என்பான்.

1912 கோடையில் அந்தக் கப்பலை இங்கிலாந்திலிருந்து வந்த பேராசிரியர் ஹாலோபி வாடகைக்கு எடுத்திருந்தார். வட துருவத்தை ஒட்டிய ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் மேற்குக் கரையில், ஒரு குடாவின் கோடியில், இதுவரை யாரும் கால் வைக்காத சிகரம் ஒன்று இருக்கிறது. அதன் மேல் ஏறி உயரத்தை அளக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். பக்கத்துக் குடாவில் போன கோடையில் ஒரு ஜெர்மானிய டாக்டர் எண்ணூற்றுத் தொண்ணூறு மீட்டர் மலை ஒன்றில் ஏறிவிட்டுப் போய்ப் பத்திரிகையிலெல்லாம் எழுதிவிட்டாராம். அந்த எண்ணைச் சொல்லும்போதெல்லாம் பேராசிரியருக்குப் பல்வலி வந்ததுபோல முகம் கோணும்.

நல்ல மனிதர். ஆனால் நார்வே மொழியை நூறு வருடத்துப் பழைய பிரசங்கப் புத்தகம் ஒன்றிலிருந்து கற்றுக்கொண்டு வந்திருந்தார். காலையில் சமையலறைக்குள் தலையை நீட்டி, "அன்புடையீர், இன்றைய உணவு யாதோ?" என்பார்.

"கஞ்சி" என்பான் லுடோல்ஃப்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

அவர் அந்தப் பக்கம் போனதும் இசாக் தரையில் உருண்டு சிரிப்பான். இசாக் ஈட்டிக்காரன், ஆறடிக்கு மேல் வளர்ந்த உடம்பு, அதற்கேற்ற பின்பக்கம். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

மலையின் உயரத்தை அளக்கப் பேராசிரியர் இரண்டு கருவிகள் கொண்டுவந்திருந்தார். ஒன்று காற்றழுத்தமானி. படகிலிருந்து இறங்கும்போதே அது கடலுக்குள் போய்விட்டது. இன்னொன்று ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்த குட்டிக் கொதிகலன். பள்ளத்தாக்கை அடைத்து மெல்ல நகரும் பனியாற்றைக் கடக்கும்போது இளைப்பாறலாமென்று இசாக் உட்கார்ந்தது அந்தப் பெட்டியின் மேல்.

மூன்று பேர் போய், மூன்று பேரும் பாதி வழியில் திரும்பி வந்தார்கள். பேராசிரியர் கப்பல் தளத்தில் நின்று, தட்டையாகிப்போன தகரத்தைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் பின்பக்கத்துக்கு இந்தத் தீவுல வேற எடமே கெடைக்கலையாடா?" என்று கத்தினார் கேப்டன் மிக்கால்.

"பெட்டி மாதிரி இருந்துச்சுண்ணே, உக்காந்தேன்" என்றான் இசாக். "நல்லவேளை, தெர்மாமீட்டர் அவரு கோட்டுப் பையில இருந்துச்சு."

"தெர்மாமீட்டர வச்சு என்னடா பண்றது?"

"தண்ணியக் கொதிக்க வைக்கணுமாம். மேல போகப் போகத் தண்ணி சீக்கிரமாக் கொதிச்சிடுமாம். எத்தன டிகிரில கொதிக்குதுன்னு பாத்தா மலை எவ்வளவு ஒசரம்னு தெரிஞ்சிடுமாம்."

அதுவரை கதவோரம் நின்று உருளைக்கிழங்கு உரித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான் லுடோல்ஃப். சட்டென்று எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். கப்பலில் ஸ்டவ் இருந்தது ஒருவனிடம். அதை ஊதி, திட்டி, கெஞ்சிப் பற்றவைக்கத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான்.

"எனக்கு வயித்துவலி" என்றான் லுடோல்ஃப்.

"இன்னும் மலைய நீ பாக்கக்கூட இல்லையேடா" என்றார் மிக்கால்.

"முன்கூட்டியே வந்துடுச்சுண்ணே."

பேராசிரியர் அவன் தோளில் கை வைத்தார். "அஞ்சாதீர், சகோதரரே. நானே உம்மைக் கயிற்றினால் என்னோடு பிணைத்துக்கொள்வேன்."

அந்த வார்த்தை அவனுக்கு ஆறுதலாக இல்லை. ஆனாலும் போனான்.

முன்னால் பேராசிரியர், நடுவில் லுடோல்ஃப், பின்னால் இசாக். லுடோல்ஃபின் முதுகில் ஸ்டவ், ஒரு பானை, காபித்தூள், பத்து உருளைக்கிழங்கு, ஒரு பை கல்லுப்பு. கோடையில் சூரியன் மறையாத ஊர் என்பதால் எப்போது நிறுத்தலாமென்று கேட்கக்கூட வழியில்லை. பேராசிரியர் நடந்துகொண்டே இருந்தார். பனியாறு முழுக்க வெடிப்பு. சில வெடிப்புகளை எட்டிப் பார்த்தால் அடியில் நீலமாக ஏதோ தெரியும். லுடோல்ஃப் எட்டிப் பார்க்கவில்லை. பேராசிரியரின் பூட்ஸ் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டே போனான். பின்னாளில் அந்த மலை எப்படியிருந்தது என்று யாராவது கேட்டால், "கருப்புத் தோலு, எட்டு ஆணி, இடது பக்கம் ஒரு ஆணி தளர்ந்திருக்கும்" என்று பதில் சொன்னான்.

உச்சிக்கு வந்ததும் பேராசிரியர் மண்டியிட்டு ஜெபம் செய்தார். இசாக் மூச்சு வாங்கினான். லுடோல்ஃப் கண்ணை மூடியபடியே தடவித் தடவி ஸ்டவ்வைப் பற்றவைத்து, பானையில் பனியை அள்ளிப் போட்டான். அடுப்பு எரிந்ததும்தான் கண்ணைத் திறந்தான். அடுப்புச் சத்தம் அவனுக்குத் தாலாட்டு மாதிரி.

பேராசிரியர் சற்றுத் தள்ளி நின்று, காற்றுக்கு முதுகைக் காட்டி, எண்கள் அச்சடித்த ஒரு அட்டவணையைப் பிரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சூடேறியது. லுடோல்ஃபின் கைக்கு இதெல்லாம் யோசித்துச் செய்கிற வேலை இல்லை. தண்ணீர் கொதிக்கிறது, கொதிக்கிற தண்ணீரை வீணாக்கக் கூடாது, உருளைக்கிழங்கு இருக்கிறது. ஊரில் கடல் தண்ணீரிலேயே கிழங்கு வேகவைத்துப் பழகியவன். கை தானாக உப்புப் பைக்குள் போயிற்று. இரண்டு பிடி. கிழங்கைப் போடுவதற்குள் பேராசிரியர் திரும்பிவிட்டார்.

"நீர் கொதிக்கின்றதா, சகோதரரே?"

"கொதிக்குதுங்க."

அவர் தெர்மாமீட்டரை உள்ளே விட்டார். மூக்கு பானைக்குள் போகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். அட்டவணையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு மெதுவாக ஒரு பாறைமேல் உட்கார்ந்தார்.

"எழுநூற்று நாற்பது" என்றார்.

"நல்ல ஒசரந்தானேங்க" என்றான் லுடோல்ஃப்.

"அவனுடையது எண்ணூற்றுத் தொண்ணூறு." பேராசிரியரின் மீசை நடுங்கியது. "இரண்டு ஆண்டுகள் ஆயத்தம் செய்தேன். என் மனைவியின் தகப்பனாரிடம் பொருளுதவி பெற்றேன். நான் ஏறியது ஒரு குன்று."

கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஐம்பது வயது மனிதர், எட்டு மணி நேரம் ஏறி வந்தவர், அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணையும் துடைத்துக்கொண்டார். இசாக் தன் பூட்ஸைப் பார்த்தான்.

லுடோல்ஃப் பானையைப் பார்த்தான். விரலை நுனியில் நனைத்து நாக்கில் வைத்தான். கடல் தோற்றுவிடும். கிழங்குக்குச் சரியான உப்பு. ஆனால் உப்புத் தண்ணீர் சாதாரணத் தண்ணீரைவிட அதிகச் சூட்டில்தான் கொதிக்கும் என்பது எந்தச் சமையல்காரனுக்கும் தெரியும். கைமேல் தெறித்தால் எது கூடுதலாகச் சுடுமென்று அவன் தோலே சொல்லும். சூடு கூடினால் அட்டவணையில் மலை குறையும். மலையில் ஒரு துண்டை அவன் தின்றுவிட்டிருந்தான்.

உண்மையைச் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தான். எதிரே உட்கார்ந்திருந்த மனிதரோடு ஒரே கயிற்றில் கட்டப்பட்டுத்தான் கீழே இறங்க வேண்டும் என்பது ஞாபகத்துக்கு வந்தது. மூடிக்கொண்டான்.

"ஐயா" என்றான். "எங்க வடக்குப் பக்கம் முதல் பானைய யாரும் கணக்குல வச்சுக்க மாட்டாங்க."

"என் செவிகளில் சரியாக விழவில்லை."

"முதல் பானை பானையச் சுத்தம் பண்ண. ரெண்டாவது பானைதான் சரியாக் கொதிக்கும். காபிக்கும் அப்படித்தான். எங்க அம்மா செய்வாங்க, எங்க பாட்டி செஞ்சாங்க."

அவன் அம்மா அப்படியெதுவும் செய்ததில்லை. பேராசிரியர் அவனை நெடுநேரம் பார்த்தார். நம்பவில்லை என்று முகம் சொன்னது. நம்ப வேண்டுமென்ற ஆசை கண்ணில் தெரிந்தது. லுடோல்ஃப் பானையைக் கவிழ்த்து, பனியால் மூன்று தரம் தேய்த்துக் கழுவி, சுத்தமான பனியை நிரப்பி மறுபடியும் ஏற்றினான். இந்த முறை இரண்டு கையையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டு நின்றான்.

தண்ணீர் கொதித்தது. பேராசிரியர் குனிந்தார்.

"ஆயிரத்து நாற்பது!"

அந்தச் சத்தத்தில் கீழே பாறையில் இருந்த பறவைகளெல்லாம் எழும்பின. பேராசிரியர் லுடோல்ஃபைத் தூக்கிச் சுற்றினார். உச்சியில், விளிம்பிலிருந்து நாலடி தூரத்தில். லுடோல்ஃப் அலறியதை அவர் ஆனந்தக் கூச்சல் என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு குறிப்பேட்டைத் திறந்தார். "இம்மலை என் மனைவியின் தகப்பனார் பெயரைப் பெறும். ஆனால் கீழே தெரிகிறதே, அந்தப் பனியாறு உமக்குரியது. உமது இல்லத்தில் நீர் மிகவும் கனம்பண்ணுகிறவர் யார்? அவர் பெயரைச் சொல்லும்."

லுடோல்ஃப் முதல் முறையாகக் கீழே பார்த்தான். மலையின் இடப்பக்கமாகக் கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது அது. மேலெல்லாம் கருப்புச் சேறும் கல்லும். உள்ளேயிருந்து முணுமுணுவென்று ஓயாத சத்தம். முன்னால் கிடந்த பாறை, மண் எல்லாவற்றையும் மூக்கால் நெம்பித் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. பார்த்தவுடனே யாரென்று தெரிந்துவிட்டது.

"பெர்ன்டினே" என்றான். "என் மாமியாருங்க."

இசாக்கிடமிருந்து இருமல் போல ஒரு சத்தம் வந்தது. பேராசிரியர் கண் கலங்கினார். "மாமியாரைப் பிரியாத ரூத்தைப் போன்ற இதயம்!" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

இறங்கும் வழியில் உப்பு விஷயத்தை இசாக்கின் காதில் போட்டது லுடோல்ஃப் செய்த தப்பு. இசாக் சிரித்த சிரிப்பில் கால் வழுக்கி இருபது அடி சறுக்கி, கால்சட்டையின் பின்பக்கத்தைப் பனியாற்றுக்குக் காணிக்கை கொடுத்தான். அதோடு விடவில்லை. அந்தப் பயணம் முழுக்கச் சட்டியில் நல்ல துண்டு வந்தால், "உப்பு சரியா இருக்கா?" என்று சத்தமாகக் கேட்பான். துண்டு உடனே அவன் தட்டுக்குப் போய்விடும்.

அடுத்த வசந்தத்தில் பேராசிரியரின் புத்தகம் கேப்டன் மிக்காலுக்குப் பார்சலில் வந்தது. உள்ளே மடித்து வைத்த ஒரு வரைபடம். மிக்கால் அதைக் கடைத்தெருவுக்கு எடுத்துப்போய் விரித்தார். பாதிரியாரின் மனைவிக்கு ஆங்கிலம் தெரியும். மத்தியானத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

லுடோல்ஃப் வீட்டில் வலை தைத்துக்கொண்டிருந்தான். மனைவி ஜென்சினே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கதவைத் திறந்துகொண்டு மாமியார் பெர்ன்டினே வந்தார். ஐம்பது வயது, புருஷன் போய்ப் பல வருடம், தோள் அகலம் கதவுக்குச் சமம். உப்பு மீன் கிடங்கில் இருபது வருடம் பெண்களை வேலை வாங்கிய குரல். கையில் வரைபடம்.

"மாப்ளே. இது என்ன?"

"காகிதம், அத்தை."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"எனக்கு இங்கிலீசு தெரியாதே அத்தை."

"என் பேரு எழுதியிருக்கு. பாதிரியம்மா படிச்சுக் காட்டினாங்க. ஒரு பனியாத்துக்கு என் பேர வச்சிருக்கியாம். ஏன்?"

லுடோல்ஃபின் ஊசி விரலில் குத்தியது. "உங்க மேல இருக்கற மரியாதைதான் அத்தை."

"மரியாதைன்னா மலைக்கு வச்சிருக்கலாமே?"

"மலை சும்மா நிக்கும் அத்தை. பனியாறு நடக்கும். வேலை செய்யும். நீங்க சும்மா நிக்கற ஆளா?"

பெர்ன்டினே அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீளம் எவ்வளவு?"

"ஒம்பது கிலோமீட்டர்."

"அகலம்?"

"அது... நல்ல அகலம் அத்தை."

அவர் வரைபடத்தை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கதவு சாத்தியதும் ஜென்சினே மாவுக் கையோடு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"எங்கம்மா நம்பலாம். நான் உன்னோட பத்து வருஷமாக் குடும்பம் நடத்தறேன். நெசத்தச் சொல்லு."

சொன்னான். அழுக்கு, முணுமுணுப்பு, எதிரே வருவதையெல்லாம் நெம்பித் தள்ளுவது. ஜென்சினே மாவு உருண்டையை அவன் தலையில் எறிந்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று ஏப்ரன் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் லுடோல்ஃபின் நிலைமை விசித்திரமாகப் போயிற்று. பெர்ன்டினே தேவாலயத்தில் முதல் வரிசைக்கு நகர்ந்தார். வடக்குக் காற்று அடித்தால், "என் பனியாத்துல இருந்து வர்றது. கொஞ்சம் குளிராத்தான் இருக்கும், போத்திக்குங்க" என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொன்னார். மருமகனையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். "மாப்ளே, அந்தப் பனியாறு எந்த வகையில என்னய மாதிரின்னு இவங்களுக்குச் சொல்லேன்" என்று விருந்தாளிகள் முன்னால் கேட்பார். லுடோல்ஃப் அசடு வழிய, கம்பீரம், தூய்மை, அமைதி என்று ஒவ்வொன்றாகச் சொல்வான். ஒருமுறை 'அமைதி' என்றபோது ஜென்சினே காபிக் கோப்பையைக் கீழே போட்டு உடைத்தாள். சொல்லி முடித்ததும், "அப்படியே ரெண்டு வாளி தண்ணி கொண்டாந்துடு" என்பார் மாமியார். மரியாதை வைத்தவன் எப்படி மறுப்பது? விறகு பிளந்தான், கூரைக்குத் தார் பூசினான், அவருடைய பூட்ஸுக்கு எண்ணெய் போட்டான். ஏழு வருடம்.

1920 கோடையில் அந்தக் குடாவிலேயே நிலக்கரிச் சுரங்கம் ஒன்று வெட்ட ஆரம்பித்திருந்தார்கள். தைஸ்டன் சரக்கேற்றிக்கொண்டு போவதாக இருந்தது. பெர்ன்டினே ஒரு மரப்பெட்டியைத் தெருவில் இழுத்துக்கொண்டு துறைக்கு வந்து நின்றார்.

"நானும் வரேன். என் பனியாத்தப் பாக்கணும்."

லுடோல்ஃப் பெட்டியின் மறுமுனையைப் பிடித்து நிறுத்தினான். "அங்க கரடி இருக்கு அத்தை."

"கரடி வந்தா நீ என்ன பண்ணுவ?"

"ஓடுவேன்."

"அப்ப அது ஒன்னத்தான் தொரத்தும். நான் பாத்துக்கறேன். பெட்டியத் தூக்கு."

நாலு நாள் பயணம். லுடோல்ஃப் பனிமூட்டம் வர வேண்டுமென்று வேண்டிக்கொண்டான். குடாவுக்குள் நுழைந்த அன்று வானம் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. அவன் சமையலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தேவையே இல்லாமல் வெங்காயம் நறுக்கினான்.

"மாப்ளே! வெளிய வா!"

போனான். பெர்ன்டினே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எதிரே அவருடைய பனியாறு. எட்டு வருடத்தில் இன்னும் கருத்திருந்தது. முன்பக்கம் இன்னும் ஒரு பாறைக் குவியலை நெம்பி வைத்திருந்தது. முணுமுணுப்பு கப்பல்வரை கேட்டது. கேப்டன் தொப்பியைச் சரிசெய்வதுபோல முகத்தை மறைத்துக்கொண்டார். இசாக் கயிறு சுற்றப் போய்விட்டான்.

"இதுவா?" என்றார் பெர்ன்டினே.

"இதுதான் அத்தை. இன்னிக்கு வெளிச்சம் சரியில்ல."

அந்த நேரம் பார்த்துப் பீரங்கி போல ஒரு சத்தம். பனியாற்றின் முகப்பிலிருந்து தேவாலயம் உயரத்துக்கு ஒரு துண்டு பிளந்து கடலில் விழுந்தது. அலை வந்து கப்பலைத் தூக்கிப் போட்டது. லுடோல்ஃப் மாமியாரின் கையைப் பிடித்தான். அவர்தான் ஆடாமல் நின்றார்.

"கோவக்காரி" என்றார், மெச்சுகிற குரலில். பிறகு திரும்பாமலேயே, "அழுக்கு. ஓயாத முணுமுணுப்பு. எதிர்ல வர்றதையெல்லாம் தள்ளிக்கிட்டு வர்றது. எதையாவது விட்டுட்டேனா, மாப்ளே?"

லுடோல்ஃப் அவர் கையை விட்டான். "அத்தை..."

"ஜென்சினே அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டா. அவ வயித்துல எந்த ரகசியம் தங்கியிருக்கு?"

"அப்ப ஏழு வருஷமா..."

"ஏழு வருஷமாத் தண்ணி, விறகு, கூரை எல்லாம் நடந்துச்சில்ல? 'அமைதி'ன்னு நீ சொல்லும்போது உன் மூஞ்சியப் பாக்கணுமே! இதுக்காகவே விருந்தாளிகளக் கூப்பிட்டேன்."

முதலில் கேப்டன் வெடித்துச் சிரித்தார். பிறகு இசாக். கடைசியில் பெர்ன்டினேயும் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து லுடோல்ஃப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிக்கும்போது ஜென்சினே மாதிரியே இருந்தார். இவ்வளவு வருடம் எதற்குப் பயந்தோம் என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது. அவனும் சிரித்தான். உப்புக் கதையைச் சொல்ல வேண்டிய இடம் இதுதானென்று தோன்ற, அதையும் அங்கேயே சொல்லிவிட்டான்.

"ரெண்டு பிடியா?" என்றார் பெர்ன்டினே. "கிழங்குக்கு ஒன்னு போதுமே. அதான் உன் கொழம்பெல்லாம் அப்படி இருக்கு."

கப்பல் திரும்பியபோது அவர் ஏறவில்லை. சுரங்கத்து உணவுக்கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்தவன் போன வாரம்தான் ஓடிப்போயிருந்தான். அறுபது ஆண்கள் கருகிப்போன கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பெர்ன்டினே எட்டிப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார், கரண்டியை எடுத்தார். அவ்வளவுதான். இரண்டு குளிர்காலம் அங்கேயே இருந்தார். சுரங்கத்து ஆட்கள் சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவ ஆரம்பித்தார்கள் என்றும், ஞாயிற்றுக்கிழமை பாட்டுகூட உண்டு என்றும் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு வந்த கடிதத்தில் ஆல்காட் என்றொரு ஸ்வீடன்காரத் தச்சரைப் பற்றி மூன்று பக்கம் இருந்தது. அவர் அவ்வளவாகப் பேசமாட்டாராம். ஜென்சினே அதைப் படித்துவிட்டு, "அவருக்கு எங்க பேச வாய்ப்பு கெடைச்சிருக்கும்" என்றாள்.

1922 கோடையில் ட்ரோம்சோவில் அவர்கள் இருவருக்கும் கல்யாணம். மணமகளின் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் அழைத்துப்போக அப்பாவோ அண்ணனோ உயிரோடு இல்லாததால் அந்தப் பொறுப்பு லுடோல்ஃபுக்கு வந்தது. பாதி வழியில், "மெதுவா நட மாப்ளே, எல்லாரும் பாக்கட்டும்" என்று காதுக்குள் சொன்னார் பெர்ன்டினே. அவன் மெதுவாக நடந்தான்.

விருந்தில் புது மாப்பிள்ளை ஆல்காட் எதிரே உட்கார்ந்தார். மஞ்சள் தாடி, பலகை போன்ற கை. மீனை மூன்று முறை போட்டுக்கொண்டார். வாயே திறக்கவில்லை. கடைசியில் முள்ளை ஒதுக்கிவைத்துவிட்டு லுடோல்ஃபைப் பார்த்தார்.

"உனக்கு என்ன வயசு?"

"நாப்பத்தாறு" என்றான் லுடோல்ஃப். "உங்களுக்கு?"

"நாப்பத்துநாலு."

லுடோல்ஃப் அதை ஒருமுறை மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தான். பக்கத்தில் பெர்ன்டினே கன்னத்தில் கை வைத்து, கண்ணில் குறும்போடு காத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ளே, பேச்சக் காணோம்? அவருக்கு என்ன வேணும்னு கேளு. மரியாதையாக் கூப்பிட்டுக் கேக்கணும்."

லுடோல்ஃப் எழுந்தான். மீன் தட்டைக் கையில் எடுத்தான்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கறீங்களா..." என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாமா?" என்றான்.

"போடு மகனே" என்றார் ஆல்காட்.